இறப்பர் விதை காத்திராது

நெல்லை உலர்த்திச் சேமித்துப் பழகிய நாம், இறப்பர் விதையையும் வெயிலில் காயவைத்து விடுகிறோம். உலர்ந்தால் அதன் உயிர் போய்விடும். 1876இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்தின் கியூ பூங்காவுக்குச் சென்ற ஏறத்தாழ 70,000 விதைகளுள் முளைத்தவை சுமார் 2,700 மாத்திரமே. அக்கன்றுகளிற் பெரும்பாலானவையே இலங்கைக்கு வந்தன.

விழுந்த விதைகளைச் சில நாட்களுக்குள் பொறுக்கி, பாரமும் பளபளப்பும் உள்ளவற்றைத் தெரிந்து, உடனே மணற்பாத்தியில் இடுவதே சிறந்தது. தாமதம் தவிர்க்க முடியாவிடின், ஈரமான மரத்தூளுடன் கலந்து, துளையிட்ட பொலித்தீன் பையில் நிழலில் வைக்கலாம்; அதுவும் சில வாரங்களுக்கே.

ஓகஸ்ட் மாதமளவில் விழும் விதையைத் தவறவிட்டால், சிறுதோட்டக்காரர் ஓராண்டை இழக்கிறார். ஆகவே முதலில் பாத்தியை ஆயத்தம் செய்வோம். பின்னர் விதை பொறுக்கச் செல்வோம்.