ஊட்டுக்காரரு வரலீங்களா?

உடுமலையிலிருந்து திருமூர்த்தி மலை 20 கிலோமீட்டர்தான். பள்ளித் தோழிகள் நாங்கள் நால்வரும் அடிவாரத் தென்னந்தோப்பு வீட்டில் இரண்டு நாள் தங்க முப்பது வருஷம் ஆயிற்று. ஒருத்தி இரண்டு நாளுக்கும் குழம்பு வைத்து, மாவும் ஆட்டிவிட்டு வந்தாள். இன்னொருத்தி கோயிலுக்கு என்று சொல்லி வந்தாள். அமணலிங்கேஸ்வரர்தான் அவளுக்கு ஜாமீன். நம் வீட்டு ஆண்கள் மூணாறு போக எந்தச் சாமியை ஜாமீனுக்கு அழைத்தார்கள்?

தோப்பு வீட்டில் சமைத்துப் போட்ட அக்கா, "ஏனுங்க அம்மணி, ஊட்டுக்காரரு வரலீங்களா?" என்றார். இல்லை என்றதும் சிரித்தார். பஞ்சலிங்க அருவியில் அவர் கடைசியாகக் குளித்தது கல்யாணத்துக்கு முன்னாலாம். நடக்கிற தூரத்தில் இருக்கிறது அருவி.

மில் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்றது 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம். அடுப்படிக்கு எந்தச் சட்டம் வந்தது? குடும்பச் சுற்றுலா என்று குக்கரையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு போகிறோமே, அது விடுமுறையா? அடுப்பை இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான். எங்கள் இரண்டு நாள் மட்டும் என்ன? அந்த அக்காவின் கையால் வந்த ஓய்வு.

மறுநாள் அவரையும் அருவிக்குக் கூப்பிட்டோம்.

"மத்தியானச் சோறுங்க?"

ஒரு வேளை பட்டினி கிடக்கிறோம் என்றோம்.