தொட்டிக்குள் ஒரு முருகைக்கற் பார்

இலங்கைக் கரையோரங்களிலே சுழியோடிகள் பிடிக்கும் வண்ண மீன்கள் பல, விமானமேறி அயல்நாட்டு வீடுகளின் கண்ணாடித் தொட்டிகளைச் சென்றடைகின்றன. அத்தொட்டிகளிலே மீன்களோடு உயிருள்ள முருகைகளையும் வளர்ப்போர் உளர். முருகை வெறுங் கல்லன்று, உயிர்ப்பிராணி என்பதை மாணவர் அறிவர். அப்பிராணிக்குத் தொட்டியில் நேரும் பெருங்கேடுகளுள் ஒன்று பாசியால் விளைகின்றது. பச்சை மயிர்போற் படரும் பாசி முருகையை மூடி, ஒளியை மறைத்து, நாளடைவில் அதனைக் கொன்றுவிடும்.

பாசி செழிப்பது எதனால்? மீனுக்கு இடும் தீனியினாலேயே என்க. மீனின் கழிவிலுள்ள அமோனியாவைப் பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. தீனி வழியே பொசுபேற்றும் சேர்கின்றது. பரந்த கடலிலே இவை ஐதாகிப் போகும், தொட்டியிலோ தங்கிவிடுகின்றன. இந்நிலையிற் பாசியைக் கையாற் பிடுங்குவது, வயலுக்குப் பசளை இட்டுக்கொண்டே களை பிடுங்குவதற்கு ஒப்பாகும்.

அப்பசளையைப் பாசிக்கு முன்னரே வேறோர் உயிர் உண்டுவிட்டால்? அமெரிக்கக் கடலியலறிஞர் அல்பிரட் றெட்பீல்ட் 1934 ஆம் ஆண்டு தொட்டு வெளியிட்ட ஆய்வுகளால், கடலின் நுண்மிதப்புயிர்களிலே காபன் அணு 106க்கு நைதரசன் 16, பொசுபரசு 1 என்னும் விகிதம் நிலவுதல் தெரியவந்தது. பற்றீரியாவின் விகிதம் இதனின்று சற்று வேறுபடினும், காபனே மிகுதியாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. பாசி ஒளியின் துணையாற் கரியமிலவாயுவைக் கொண்டே தன் உணவை ஆக்கிக்கொள்ளும். நாம் கூறும் பற்றீரியாவுக்கோ ஆக்கிய உணவே வேண்டும். ஆகவே நைத்திரேற்று மலிந்த தொட்டியிலும் அது காபனின்றிப் பட்டினி கிடக்கின்றது.

அப்பட்டினியைத் தீர்க்கச் சிலர் சீனியும் வினாகிரியும் இட்டனர். வொட்கா மதுவைத் துளித்துளியாய் வார்த்தவர்களும் உளர். மதுவிலக்கு அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக! அளவு சற்று மிஞ்சினும் பற்றீரியா பெருகி நீர் பால்போற் கலங்கும். ஒட்சிசன் குன்றி மீன்கள் மூச்சுத்திணறி மாளும்.

இவ்விடரைக் குறைக்க வந்தவையே ‘பயோபெலற்’ எனப்படும் குறுணிகள். இவற்றுட் பல, பற்றீரியாக்கள் தம் உடலினுள்ளே ஆக்கும் ஒருவகைப் பிளாத்திக்கினாற் செய்யப்படுவன. கமக்காரர் கொம்பறையில் நெல்லைச் சேமிப்பது போல, சில பற்றீரியாக்கள் மிகையான காபனை இவ்வுருவிற் சேமிக்கின்றன என்பதை 1926 இல் பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் லெமுவாஞ் கண்டறிந்தார். இக்குறுணி நீரிற் கரையாது. பற்றீரியா அதன்மேற் குடியேறி, நொதியத்தாற் சிறிது சிறிதாய் அரித்தே உண்ணவேண்டும். ஆதலால் உணவு ஒரேயடியாகத் தொட்டியிற் பரவுவதில்லை.

குறுணிகளை நெடிய குழாய்க் கலம் ஒன்றில் இட்டு, அடியிலிருந்து நீரைச் செலுத்துவர். உலையில் அரிசி புரள்வது போல அவை ஓயாது புரளல் வேண்டும். அசையாது கட்டிபட்டுவிடின் உள்ளே ஒட்சிசன் அற்று, கூழ்முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டு தோன்றும், அது நஞ்சாகும். கலத்தைவிட்டு வெளிவரும் நீர், நுரை பிரிக்கும் கருவியின் வாயருகே விழல் வேண்டும். கொழுத்த பற்றீரியா நுண்குமிழிகளில் ஒட்டி, நுரையாய் மேலெழுந்து, கிண்ணத்திற் சேரும், அதனைக் கொட்டிவிடலாம். அக்கருவி இல்லாதார் இம்முறையை நாடாதிருத்தலே நன்று. தொட்டியிலேயே மடியும் பற்றீரியா, தான் உண்டதைத் திரும்பவும் நீருக்கே கொடுத்துவிடும்.

பயன் தோன்றச் சில கிழமைகள் செல்லும். நைத்திரேற்று முந்திக் குறையும். அது தீர்ந்தபின் எஞ்சிய பொசுபேற்றைப் பற்றீரியா எடுப்பது அரிது. அவ்வேளையிற் செந்நிறச் சளிப்படலமாக நீலப்பச்சை அல்கா படர்வதுண்டு. எஞ்சிய பொசுபேற்றை அகற்ற இரும்பு ஒட்சைட்டு மணிகளைப் பயன்படுத்துவர்.

பாசிமேற் கொண்ட வெறுப்பால் இவ்விரு சத்துக்களையும் அறவே ஒழிக்க முனைவோர் பலர். அவர்கள் மறப்பது ஒன்றுண்டு. ஒளியை நாடும் முருகையின் இழையத்துள்ளேயே ஒருகல அல்காக்கள் வாழ்கின்றன. முருகையின் நிறத்துக்கும் உணவிற் பெரும்பங்குக்கும் அவையே காரணம். வெளியே உள்ள பாசியைப் பட்டினி போடுங்கால் உள்ளே உள்ளதும் பட்டினி கிடக்கும், முருகை வெளிறும். பொசுபேற்றுப் பற்றாக்குறை முருகை வெளிறலைத் தூண்டுகின்றதென 2017 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சவுதாம்ரன் பல்கலைக்கழக ஆய்வாளரும் எடுத்துக்காட்டினர்.

எனவே விற்பனையாளர் குறிக்கும் அளவிற் காற்பங்குடன் தொடங்கி, கிழமைதோறும் நீரைச் சோதித்துக் குறித்துவருதலையே நாம் விரும்புவோம். இரு சத்துக்களும் சிறிதளவேனும் எஞ்சியிருத்தல் வேண்டும். முருகையின் நிறம் மங்கத் தொடங்கின், கண்ணாடியிற் சிறிது பாசி இருப்பினும், குறுணிகளிற் சிலவற்றை வெளியே எடுத்துவிடலாம்.