ரெக்கார்டு நோட்டும் முதலாண்டு மாணவர்களும்



கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கும் நேரம் இது. தாவரவியல், விலங்கியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு 75 சதவீத வருகை வேண்டும் என்பது மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. மற்ற விதிகள் பருவத் தேர்வு நெருங்கும்போதுதான் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. அகமதிப்பீட்டில் எதற்கு எத்தனை மதிப்பெண், தவறவிட்ட செய்முறை வகுப்பை ஈடுசெய்ய வழி உண்டா, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கக் கடைசி நாள் எது என்பதையெல்லாம் முதல் வாரமே ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன?

ரெக்கார்டு நோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெங்காயத்தின் மெல்லிய உட்தோலை உரித்து, சாயமிட்டு, நுண்ணோக்கியில் செல்லைப் பார்த்து வரைவதற்குத்தான் அது. நடப்பதோ, சீனியரின் நோட்டைப் பார்த்துப் படியெடுப்பது. அழகாக நிழல் தீட்டிய படத்துக்கு முழு மதிப்பெண். கண்ணில் பட்டதைக் கோணலாக வரைந்தவருக்குச் சிவப்பு மை. (ஓவிய ஆசிரியர்கள் மகிழலாம்.) விலங்கறுப்பைக் கைவிடும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் சொல்லிவிட்டது, அது சரியே. ஆனால், நேரில் பார்க்கக் கிடைக்கும் மிச்சத்தையாவது பார்க்க வைக்க வேண்டாமா?

கண்டதை வரைந்த படத்துக்கே மதிப்பெண் என்ற விதியைத் துறைத் தலைவர்கள் இந்தப் பருவத்திலேயே எழுத்தில் கொண்டுவர வேண்டும்.

– ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், கும்பகோணம்