டியூனருக்கு முன்னால் கம்பியைப் பாருங்கள்

ஹாம் ரேடியோ உரிமம் கைக்கு வந்ததும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சார், எந்த டியூனர் வாங்கலாம்?" இப்போதைக்கு எதுவும் வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல கேபிள் வாங்கப்பா என்பேன். பலருக்கு முகம் வாடிவிடும்.

இன்றைய டிரான்சிஸ்டர் கருவிகள் 50 ஓம் சுமைக்கென்றே அமைக்கப்பட்டவை. ஆன்டெனா அதற்கு ஒத்துவராவிட்டால் அனுப்பிய சக்தியில் ஒரு பங்கு திரும்பி வரும். இந்தப் பொருத்தமின்மையைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவு 2 என்றால் 11 சதவீதம், 3 என்றால் 25. வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் தாங்காத மின்னழுத்தமோ மின்னோட்டமோ அப்போது உருவாகலாம். அதற்கு அஞ்சித்தான் பல கருவிகள் 2-ஐத் தாண்டியதும் சக்தியைத் தாமே குறைத்துக்கொள்கின்றன.

மேசைமேல் இருக்கும் டியூனர், கருவிக்கு 50 ஓம் சுமையே தெரியும்படி சரிக்கட்டி அதைக் காப்பாற்றும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அப்பால் கேபிளிலும் ஆன்டெனாவிலும் உள்ள கோளாறு அப்படியேதான் இருக்கும். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1 காட்டுவதும் அத்தாட்சி ஆகாது. சக்தியை வெப்பமாக்கிவிடும் டம்மி லோடிலும் அது 1 தான் காட்டும். அலை மட்டும் வெளியே போகாது. கேபிளும் ஏமாற்றும்: 144 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஆர்.ஜி.58 கேபிள் போட்டால் சக்தியில் பாதிக்கு மேல் வழியிலேயே வெப்பமாகிவிடும். திரும்பும் சக்தியும் அதே கேபிளில் தேய்வதால், கெட்ட ஆன்டெனாகூட மீட்டரில் நல்லதாகத் தெரியும்.

7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு (நடுவில் கேபிள் இணையும் இரு கைக் கம்பி ஆன்டெனா) மொத்தம் ஏறத்தாழ 20 மீட்டர் கம்பி போதும். சற்று நீளமாகவே வெட்டி, உயரத்தில் கட்டி, குறைந்த சக்தியில் அளந்து, இரு முனையிலும் சமமாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். உயரம் மாறினால் அளவும் மாறும் என்பதால் தரையில் வைத்துப் பார்த்தது செல்லாது. வீட்டுக்காரர் குட்டைக் கம்பிக்கு மேல் அனுமதிக்காவிட்டால் டியூனர் வேண்டியதுதான். முடிந்தால் அதை ஆன்டெனாவின் அடியிலேயே வையுங்கள்.

இதன் அருமை நெருக்கடியில் தெரியும். 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, ஹாம் ரேடியோ இயக்கப் போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத்தின் குழு அங்கிருந்து செய்திகளை அனுப்பியது. மின்சாரம் போய் பேட்டரியை நம்பி நிற்கும் அப்படிப்பட்ட நேரத்தில் பாதி சக்தியைக் கேபிளுக்குத் தாரைவார்க்க முடியுமா?

உரிமத் தேர்வில் ஏட்டுப் பாடத்தோடு, ஒரு டைபோலைக் கட்டி அளந்து காட்டும் செய்முறையையும் சேர்க்கவேண்டும் என்பேன். அதுவரை, ஒவ்வொரு கிளப்பும் ஓர் ஆன்டெனா அனலைசர் வாங்கிப் புதியவர்களுக்கு இரவல் தரட்டும். அளக்கத் தெரிந்த ஒருவர் கூடப் போனால் இன்னும் நல்லது.