கண்ணாடிக்கு அப்பாலும் பார்க்கட்டும் சங்கங்கள்

'இங்கு கண் பரிசோதனை இலவசம்' என்ற அறிவிப்பு இல்லாத மூக்குக் கண்ணாடிக் கடையைக் காண்பது அரிது. பரிசோதனைக்கான செலவு கண்ணாடியின் விலையில் அடங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள். கண்ணாடி தேவை என்று சொல்பவரே அதை விற்பவராகவும் இருக்கும்போது, அது உண்மையிலேயே தேவைதானா என்று வாங்குபவரால் அறிய முடிவதில்லை.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் தரம் எவ்வாறு தாழ்கிறது என்பதை 1970-இல் வெளியான கட்டுரையில் விளக்கினார் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப். தொழில் உரிமம் வழங்குவதை அதற்கான தீர்வுகளுள் ஒன்றாகவும் அவர் குறிப்பிட்டார். கண் விஷயத்தில் இழப்பு பணத்தோடு முடிவதில்லை. கண் நீர் அழுத்த நோய் பெரும்பாலும் அறிகுறியின்றி முற்றுகிறது. அதனால் இழந்த பார்வை மீள்வதில்லை. கண்ணாடியின் 'பவர்' மட்டும் பார்த்து அனுப்பப்படுபவர், நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் வாய்ப்பை இழக்கிறார்.

கண் மருத்துவர்களுக்கு 1930 முதலே அகில இந்திய அமைப்பு உண்டு. அவர்களது தொழிலை முறைப்படுத்தச் சட்டமும் உண்டு. ஆப்டோமெட்ரிஸ்ட் எனப்படும் பார்வைப் பரிசோதகர்களின் நிலை வேறு. சென்னையில் 1985-இலேயே அவர்களுக்கெனத் தனிக் கல்லூரி தொடங்கப்பட்டபோதிலும், தேசிய அளவிலான சட்டம் 2021-இல்தான் வந்தது. துணை மருத்துவத் தொழில்களை 10 பிரிவுகளாக வகைப்படுத்தும் அச்சட்டம், மாநிலந்தோறும் கவுன்சில் அமைத்துப் பதிவேடு பராமரிக்கச் சொல்கிறது. அதை விரைந்து நடைமுறைப்படுத்துமாறு 2024-இல் உச்சநீதிமன்றமே வலியுறுத்த வேண்டியிருந்தது.

பிரிட்டனில் பணிகள் தெளிவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பதிவும் ஒழுங்கு நடவடிக்கையும் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பொது ஒளியியல் கவுன்சிலின் பொறுப்பு. தொழில் தரத்தை வகுப்பது ஆப்டோமெட்ரிஸ்ட் கல்லூரி என்ற தொழில்முறை அமைப்பு. உறுப்பினர்களின் நலனுக்குக் குரல் கொடுப்பது சங்கம். உறுப்பினருக்காக வாதாடும் அமைப்பே அவருக்கு நீதிபதியாகவும் இருக்க முடியாது என்பதே இந்தப் பிரிவினையின் நியாயம்.

நம் நாட்டின் தேசியச் சங்கங்கள் இனிச் செய்ய வேண்டியவை மூன்று. பரிசோதனை முடிவை எழுத்தில் தந்து, எந்தக் கடையிலும் கண்ணாடி வாங்கும் உரிமையை உறுதி செய்வதைத் தொழில் நெறியாக்குவது முதலாவது. நோய்க்கான ஐயம் எழுந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்பும் வழக்கத்தை வேரூன்றச் செய்வது இரண்டாவது. பதிவு என்பதைப் போட்டியைத் தடுக்கும் மதிலாக்காதிருப்பது மூன்றாவது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமப்புற இளம் பெண்களுக்குப் பயிற்சியளித்து, சிகிச்சையில் அவர்களை இன்றியமையாதவர்களாக்கிக் காட்டியது. பட்டம் இல்லை என்ற காரணத்தால் அத்தகையோர் வெளியேற்றப்பட்டால், இழப்பு கிராமங்களுக்கே.

சங்கத்தின் வலிமையை உறுப்பினர் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது வழக்கம். அதன் தகுதியை அளக்க வேண்டியவர்கள், கடை நாற்காலியில் அமர்ந்து எழுத்துப் பலகையை வாசிக்கும் சாமானியர்கள்.