பியானோ யாருக்குப் பக்கவாத்தியம்?

ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் சென்ற வாரம் மின்னஞ்சலில் ஓர் அழைப்பிதழை அனுப்பியிருந்தார். அவருடைய பேர்த்தி மேலைத்தேயச் செந்நெறி இசை பயில்பவள், செல்லோ வாசிப்பவள். அவளது முதலாவது முழுநீளக் கச்சேரிக்கு, உறவினருக்கென்று தமிழிலும் ஓர் அழைப்பிதழ் அச்சிட இருக்கிறார்கள். "எழுத்துப்பிழை பார்த்துத் தாருங்கோ" என்பதுதான் நண்பரின் வேண்டுகோள். நாற்பது வருடங்கள் பத்திரிகையில் இருந்தவனுக்கு இப்போது கிடைக்கும் வேலை இதுதான்.

பேர்த்தியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. படமும் இருந்தது. அதன் கீழே நிகழ்ச்சி நிரல்: பீத்தோவனின் ஏ மேஜர் சொனாட்டா, பிராம்ஸின் ஈ மைனர் சொனாட்டா, இடைவேளைக்குப் பின்னர் ஷொஸ்டகோவிச்சின் டி மைனர் சொனாட்டா. ஓர் இளம் கலைஞருக்கு இது பெரிய நிரல். எல்லாவற்றுக்கும் கீழே, மண்டப முகவரிக்குச் சற்று மேலே, சிறிய எழுத்தில் "அணிசெய் கலைஞர்: பியானோ" என்று ஒரு வரி. பெயர் இல்லை. வாத்தியமே வந்து தன்னைத்தானே வாசித்துவிட்டுப் போகும் போலிருக்கிறது.

எழுத்துப்பிழை எதுவும் இருக்கவில்லை. ஆயினும் அந்த வரியைத் திருத்தாமல் அனுப்ப என்னால் இயலவில்லை. இதே பிழையை ஒருமுறை நானும் செய்திருக்கிறேன், அதுவும் அச்சில்.

1970களின் நடுப்பகுதி. கொழும்புத் தமிழ் நாளேடு ஒன்றில் நான் இளம் நிருபர். ஒருநாள் மாலை, போக வேறு ஆள் இல்லாதபடியால், மேலைத்தேய இசைக் கச்சேரி ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த செல்லோக் கலைஞர் ஒருவரும் வெள்ளவத்தையில் பியானோ கற்பித்துவந்த தமிழ்ப் பெண்மணி ஒருவரும் பீத்தோவனின் அதே ஏ மேஜர் சொனாட்டாவை வாசித்தார்கள். எனக்கு அப்போது சொனாட்டா என்றால் என்னவென்று தெரியாது. நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த காது. மேடையின் முன்னே ஒருவர் இருந்தால் அவர் பிரதான கலைஞர், பக்கத்தில் இருப்பவர் பக்கவாத்தியம் என்று எண்ணிக்கொண்டேன். பன்னிரண்டு வரிச் செய்தி எழுதினேன். கடைசி வரி, "பியானோ பக்கவாத்தியமாக இசைக்கப்பட்டது" என்பது. அந்த அம்மையாரின் பெயர் என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது, செய்தியில் இல்லை.

இரண்டு வாரம் கழித்து வேறொரு நிகழ்ச்சியில் யாரோ என்னை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தார்கள். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, அந்த சொனாட்டாவிலை நான் எந்த இடத்திலை பின்னாலை போனனான் எண்டு எனக்கு ஒருக்கால் காட்டுவீங்களோ?" என்று மட்டும் கேட்டார். நான் விழித்தேன். "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்கோ" என்றார்.

போனேன். அவர் முதலில் காட்டியது இசையை அல்ல, காகிதத்தை. செல்லோ வாசிப்பவரின் முன்னால் இருக்கும் ஏட்டில் அவருடைய வரி மாத்திரமே இருக்கும். பியானோ வாசிப்பவரின் ஏட்டிலோ மேலே செல்லோவின் வரி, அதன் கீழே தன் இரு கைகளுக்குமான இரண்டு வரிகள் என்று மூன்றும் இருக்கும். முழுப் படைப்பையும் கண்முன் வைத்திருப்பவர் பியானோ முன் அமர்ந்திருப்பவரே. பிறகு முதற்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். அந்த சொனாட்டாவைச் செல்லோ தனியாகவே தொடங்குகிறது. பியானோ வாய் திறப்பதில்லை. செல்லோ ஓர் ஆழ்ந்த ஸ்வரத்தில் வந்து நிற்க, அந்த வாக்கியத்தைப் பியானோ முடித்துவைக்கிறது. அடுத்ததாக அதே வாக்கியத்தைப் பியானோ தொடங்குகிறது. இப்போது முடித்துவைப்பது செல்லோ. "இதிலை நான் பேசாமல் இருக்கிறன். இதிலை அவர் எனக்கு இடம் விடுகிறார். பின்னாலை போறது ஆர்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு வரலாற்றில் விடை இருக்கிறது என்பதைப் பிற்காலத்தில் வாசித்து அறிந்தேன். பீத்தோவனுக்கு முந்திய காலத்தில் செல்லோ சொனாட்டா என்றால், செல்லோவுக்கு முழு வரியும், கூட வாசிப்பவருக்கு அடிநாதமும் சில இலக்கங்களும் எழுதிக் கொடுப்பதே வழக்கம். விவால்டியும் பொக்கெரினியும் அப்படித்தான் எழுதினார்கள். மொஸார்ட்டும் ஹைடனும் செல்லோவுக்கும் பியானோவுக்குமாக ஒரு சொனாட்டாவும் விட்டுச் செல்லவில்லை. 1796இல் பெர்லினுக்குப் போன இளம் பீத்தோவன், செல்லோப் பிரியரான பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் வில்லியத்தின் அவையில் தம்முடைய முதலிரு சொனாட்டாக்களை வாசித்தார். பியானோவில் அமர்ந்தவர் அவரே. மறு ஆண்டு அவை அச்சானபோது முகப்பில் முதலில் வந்த பெயர் விசைவாத்தியத்தினது; "தவிர்க்க முடியாத செல்லோவுடன்" என்ற பொருளில் செல்லோ அதன் பின்னே வந்தது. யார் யாருக்குப் பக்கவாத்தியம் என்று பார்க்கப்போனால், அந்த முகப்புப் பக்கத்தில் கணக்கு தலைகீழாக இருக்கிறது. பிராம்ஸும் தம் ஈ மைனர் சொனாட்டாவுக்குப் பியானோவுக்கும் செல்லோவுக்குமான சொனாட்டா என்றே தலைப்பிட்டார்.

ஏ மேஜர் சொனாட்டா வெளிவந்தது 1809இல். அதில் அச்சுப்பிழைகள் மலிந்திருந்தன என்று பீத்தோவன் பதிப்பாளருக்குப் பிழைப்பட்டியல் எழுதி அனுப்பவேண்டியிருந்தது. ஒப்புநோக்குநராகத் தொழில் தொடங்கிய எனக்கு அவர்மேல் தனி வாஞ்சை ஏற்பட்டது இதை வாசித்த பின்னர்தான்.

பிரதான இசைக்குப் பக்கத்தில் இருப்பவன் சிறியவன் என்று நம்மவர் எப்போதும் கருதியதாகச் சொல்லமுடியாது. தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்புக்காகவே கோயில் வீதியில் விடியும்வரை நின்றவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அங்கே யார் அணி, யார் உடல் என்று எவரும் கேட்கவில்லை. அரங்கேற்ற அழைப்பிதழ்களின் வாய்ப்பாடு பெருகிய பின்னர்தான் "அணிசெய்" என்ற சொல் இப்படி எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டது போலும்.

மறுபக்க நியாயமும் உண்டு. செல்லோவின் குரல் பெரும்பாலும் பியானோவின் இடப்பக்கமும் நடுப்பக்கமும் ஒலிக்கும் அதே பரப்பில் இயங்குவது. வயலின் போல மேலே எழுந்து தப்பிவிட முடியாது. பீத்தோவன் காலத்துப் பியானோ மரச்சட்டகமும் தோல் போர்த்த சுத்தியலும் கொண்ட மெல்லிய வாத்தியம். இன்றைய பெரிய பியானோவின் இரும்புச் சட்டகம் சுமார் 20 தொன் இழுவிசையைத் தாங்கி நிற்கிறது. ஆகவே செல்லோவை அமுக்கிவிடுவது பியானோவுக்கு வெகு எளிது. பிராம்ஸ் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஈ மைனர் சொனாட்டாவை வாசித்துப் பார்த்தபோது அவர் பியானோவை முழக்கித் தள்ள, உடன் வாசித்த நண்பர் கென்ஸ்பாகர், என் வாத்தியம் எனக்கே கேட்கவில்லையே என்று முறையிட்டாராம். அது உமது அதிர்ஷ்டம் என்றாராம் பிராம்ஸ்.

இதனால்தான் ஏற்பாட்டாளர்கள் பியானோவின் மூடியைக் குட்டைக்கோலில் நிறுத்தச் சொல்கிறார்கள். அது தவறான வைத்தியம் என்பது என் எண்ணம். மூடியைத் தாழ்த்தினால் ஓசை குறைவதோடு தெளிவும் போய்விடுகிறது. திறந்த பியானோவில் விரலை அடக்கி வாசிப்பதே கலை. 1964ஆம் ஆண்டு எடின்பரோவில் ரிக்டரும் ரொஸ்ட்ரபோவிச்சும் பீத்தோவனின் ஐந்து சொனாட்டாக்களையும் ஒரே நிகழ்ச்சியில் வாசித்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பாருங்கள். அந்த ஐந்தில் முழுநீள மெதுநடைப் பகுதி கொண்டது கடைசி சொனாட்டா ஒன்றுதான். அந்த இடத்தில் ரிக்டரின் விரல்களைப் பார்த்திருந்தால் எவரும் "அணிசெய்" என்று எழுதமாட்டார்கள்.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. 2024இல் காலமான ரொஹான் டி சேரம் உலகின் முன்வரிசைச் செல்லோக் கலைஞர்களில் ஒருவர். அவருடன் பியானோ வாசித்தவர்களில் ஒருவர் அவருடைய சகோதரர் துருவி டி சேரம். ஒரே வீட்டில் வளர்ந்த இருவரில் ஒருவரை மற்றவருக்கு அணி என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஷொஸ்டகோவிச்சின் சொனாட்டாவுக்கு வருகிறேன். 1934இல் எழுதப்பட்டது, அவ்வாண்டு டிசம்பரில் லெனின்கிராட்டில் செல்லோக் கலைஞர் குபாட்ஸ்கியுடன் அரங்கேறியது. பியானோவில் இசையமைப்பாளரே இருந்தார். 1936 ஜனவரி இறுதியில் இருவரும் வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க் நகருக்குக் கச்சேரிக்குச் சென்றிருந்தார்கள். அங்கே வாங்கிய பிராவ்தா பத்திரிகையில், பெயர் போடாத கட்டுரையொன்று அவருடைய ஒப்பெராவைக் கிழித்தெறிந்திருந்தது. ஸ்டாலின் காலத்தில் அதன் பொருள் என்னவென்று அவருக்குத் தெரியும். நான் பத்திரிகைக்காரன் ஆகையால் அந்தப் பெயரில்லாத கட்டுரை என்னை எப்போதும் உறுத்துகிறது. நண்பரின் பேர்த்தி வாசிக்கப்போகும் அந்த சொனாட்டாவில், பியானோவின் முன் யாரோ ஒருவர் அந்த மனிதரின் இருக்கையில் அமரப்போகிறார்.

நண்பருக்கு இவ்வளவையும் எழுதவில்லை. "இருவருடைய பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடவும். 'அணிசெய்' என்பதை எடுத்துவிடவும்" என்று மட்டும் எழுதினேன். உடனே தொலைபேசியில் அழைத்தார். பிள்ளையின் நாள் அல்லவா, பார்க்க வருகிறவர்கள் பிள்ளையைப் பார்க்கத்தானே வருகிறார்கள், பியானோக்காரிக்கு மணித்தியாலக் கணக்கில் காசு கொடுக்கிறோம் என்றார். அதில் பொய்யில்லை. ஆனால் அவர் காசு கொடுப்பது பேர்த்தியோடு சமமாக வாதாடக்கூடிய ஒருத்திக்கு. அப்படி ஒருத்தி எதிரே இல்லாவிட்டால், அந்த முதல் வாக்கியத்தைத் தொடங்கிய பேர்த்தி அதை யார் முடிப்பார் என்று காத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

வெள்ளவத்தை அம்மையாரின் வீடு 1983 யூலையில் எரிந்தது. பியானோவும் ஏடுகளும் போயின. அவர் நாட்டைவிட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன், பிறகு சந்திக்கவேயில்லை. ஒரு திருத்தம் வெளியிட்டிருக்கலாம். இரண்டு வரி போதும். ஆசிரியபீடத்தில் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

ரொறன்ரோவில் பியானோ வாசிக்கப்போகும் அந்தப் பெண்ணின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவதென்று கேட்டிருக்கிறேன். நண்பருக்கு அது தெரியவில்லை. பேர்த்தியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.