எச்டிஎம்எல் என்ன ஊறுகாயா, ஜாவாஸ்கிரிப்ட் ஜாடிக்குள் அடைத்து வைக்க?

வெப்பேக்கைப் புதிதாகத் தொடுகிறவர்களில் பலர் சிக்கும் பொறி ஒன்று இருக்கிறது. பக்கத்தின் தலைப்பைத் தானாக நிரப்புவதற்காக ஒரு மாணவர் எச்டிஎம்எல்-வெப்பேக்-ப்ளகினைப் போடுகிறார். டெம்ப்ளேட்டில் சதவீதக் குறிகளுக்கு நடுவே மாறியின் பெயரை எழுதுகிறார். ஜோராக வேலை செய்கிறது. அடுத்த வாரம் வேறு ஏதோ தேவைக்காக எச்டிஎம்எல்-லோடரைச் சேர்க்கிறார். "டாட் எச்டிஎம்எல் என்று முடியும் கோப்புகள் எல்லாம் இதன் வழியாகப் போகட்டும்" என்று ஒரே ஒரு விதி. அவ்வளவுதான். தலைப்பு இருந்த இடத்தில் சதவீதக் குறியும் மாறியின் பெயரும் அப்படியே பல்லை இளிக்கின்றன. பிழைச்செய்தியா? மருந்துக்குக் கூடக் கிடையாது.

என்ன நடந்தது? அந்தக் கோப்புக்கு வேறு லோடர் எதுவும் இல்லாவிட்டால்தான் ப்ளகின் தன்னிடம் உள்ள லோடாஷ் லோடரைப் பயன்படுத்தும். மாணவர் எழுதிய விதி குறுக்கே வந்ததும் அது கௌரவமாக ஒதுங்கிக்கொண்டது. டெம்ப்ளேட்டின் பெயரை டாட் ஈஜேஎஸ் என்று மாற்றினால் போதும், சரியாகிவிடும். இந்த எச்சரிக்கை ஆவணத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நள்ளிரவில் ப்ராஜெக்ட்டோடு மல்லுக்கட்டுகிறவர் அதைக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும். "நமக்கு இந்த வேலை சரிப்பட்டு வராது" என்ற முடிவுக்கும் வந்திருப்பார்.

தப்பு அவர் மேல் இல்லை. எச்டிஎம்எல் என்றாலே ஒரே வகைச் சரக்கு, எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டலாம் என்கிற நினைப்பில்தான் தப்பு இருக்கிறது.

டோபியாஸ் காப்பர்ஸ் 2012ல் தொடங்கிய வெப்பேக்குக்குத் தானாகத் தெரிந்தது ஜாவாஸ்கிரிப்ட்டும் ஜேசானும்தான். மற்றதற்கெல்லாம் லோடர் என்னும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். எச்டிஎம்எல்-லோடர் செய்வதும் அதுதான்: கோப்பைப் படித்து, நீளமான ஒரு சரமாக்கி, ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூலாக நீட்டும். போகிற போக்கில், படத்துக்கு நீங்கள் கொடுத்திருக்கும் முகவரியையும் பிடித்து, "இந்தக் கோப்பையும் கொண்டுவா" என்று வெப்பேக்கிடம் கேட்கும்.

இதில் பயனரின் தலையில் விழும் செலவைப் பாருங்கள். உலாவி மிக நன்றாகப் படிக்கத் தெரிந்து வைத்திருக்கும் மொழி எச்டிஎம்எல். வலையில் வர வரப் படிக்கும், படித்தவரை திரையில் காட்டும். அதையே ஜாவாஸ்கிரிப்ட் சரத்துக்குள் திணித்தால் கதை மாறுகிறது. ஸ்கிரிப்ட் முழுவதும் இறங்க வேண்டும், அலசப்பட வேண்டும், ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தச் சரம் பக்கத்துக்குள் போகும், எச்டிஎம்எல்லாகப் படிக்கும் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கும். விலை குறைந்த போனும் தத்தித் தடவும் இணைப்பும் வைத்திருப்பவர் அதுவரை வெள்ளைத் திரையை வெறித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். டெம்ப்ளேட்டில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அது இருக்கும் மூட்டை மொத்தமும் மாறிவிடும். உலாவி பத்திரமாகச் சேமித்து வைத்திருந்த பழைய மூட்டை வீண். ஒரு காற்புள்ளிக்காக மறுபடியும் முழு இறக்கம்!

எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? "ஒவ்வொரு டெம்ப்ளேட்டையும் தனித்தனியாகக் கேட்டால் சர்வருக்கு எத்தனை கோரிக்கைகள் போகும்?" என்பார்கள். எச்டிடிபி 1.1 காலத்தில் உலாவிகள் ஒரு சர்வரோடு ஆறு இணைப்புகள்தான் வைத்துக்கொள்ளும் என்பதால் அந்தக் கேள்வி கனமாக இருந்தது. 2015ல் வந்த எச்டிடிபி 2 ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளை ஓட்டுகிறது. கேள்வி மறைந்துவிடவில்லை, ஆனால் கனம் குறைந்துவிட்டது.

அவர்களுடைய இன்னொரு வாதம் நியாயமானது, அதை மறைப்பது நேர்மையாகாது. இம்போர்ட் செய்த டெம்ப்ளேட்டின் பெயரைத் தப்பாக எழுதினால் மூட்டை கட்டும்போதே பிடிபடும். உலாவி போய்க் கேட்டு 404 வாங்கிக்கொண்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு சின்ன கார்டு, ஒரு மெனு, பத்து வரி டெம்ப்ளேட் என்றால் இந்த லாபம் செலவைவிடப் பெரிது. தாராளமாகச் சரமாக்குங்கள். ஆனால் பத்து வரிக்குப் பொருந்தும் வாதத்தைக் காட்டி முழுப் பக்கங்களையும் ஜாடிக்குள் அடைப்பது எந்த ஊர் நியாயம்?

செய்ய வேண்டியது கஷ்டமே இல்லை. ஒவ்வொரு கோப்பையும் பார்த்து, "இது என்னவாக வேண்டும்?" என்று கேட்டால் போதும். பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1. வெறும் சரம். அப்படியென்றால் உள்ளே கைவைக்காத வழி போதும். பழைய ரா-லோடர் செய்த வேலையை, 2020ல் வந்த வெப்பேக் 5 தன்னுடைய அசெட் மாட்யூல்களாலேயே செய்துவிடுகிறது.

2. தனிக் கோப்பு. உலாவி நேரடியாகக் கேட்டு வாங்கும் பக்கம். அதை மூட்டைக்குள் இழுக்காமல் வெளியே வையுங்கள்.

3. மாறிகளை நிரப்பும் டெம்ப்ளேட். இதைச் சரமாக அனுப்பி உலாவியில் கம்பைல் செய்வதுதான் இருப்பதிலேயே மோசம். லோடாஷ் போன்றவை ஓடும் நேரத்தில் சரத்திலிருந்து ஃபங்ஷனை உருவாக்குபவை. உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கையைக் கண்டிப்பாக வைத்திருக்கும் தளத்தில் உலாவி அதைத் தடுத்துவிடும். டெம்ப்ளேட்டை ஓட வைப்பதற்காகப் பூட்டைக் கழற்றுகிறவர்களும் உண்டு! ஹேண்டில்பார்ஸ்-லோடர் போன்றவை மூட்டை கட்டும்போதே ஃபங்ஷனாக்கித் தருகின்றன. பூட்டும் பத்திரம், பயனரின் போனுக்கும் வேலை மிச்சம்.

மூன்றையும் ஒரே விதியில் போட்டுக் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நாக்அவுட் நல்ல உதாரணம். 2010ல் வந்த இந்த லைப்ரரி, எச்டிஎம்எல் கமெண்ட்டுகளுக்குள்ளேயே கட்டளைகளை எழுத அனுமதிக்கிறது. எச்டிஎம்எல்-லோடரோ, வெப்பேக் ப்ரொடக்ஷன் நிலையில் ஓடும்போது தானாகவே கோப்பைச் சுருக்கும், கமெண்ட்டுகளையும் நீக்கும். அது கருவியின் இயல்பான அமைப்பு. விளைவு? எழுதியவரின் கணினியில் பிரமாதமாக ஓடிய பட்டியல், வெளியிட்ட தளத்தில் சீர்குலைந்து நிற்கும். கமெண்ட் என்றால் குப்பை என்று கருவி நினைத்தது. அந்தக் கமெண்ட்தான் அந்தப் பக்கத்தின் மூளை என்று அதற்கு யார் சொன்னார்கள்?

யாரும் சொல்லவில்லை. பிரச்சினையே அதுதான். யாரோ எழுதிய கான்ஃபிக் கோப்பைக் காப்பியடித்து ஒட்டும் பழக்கம் இருக்கும்வரை, இந்த முடிவுகளையெல்லாம் முகம் தெரியாத யாரோதான் எடுத்துக்கொண்டிருப்பார். வெள்ளைத் திரையை வெறிப்பது மட்டும் உங்கள் பயனர்.

உங்கள் ப்ராஜெக்ட்டின் கான்ஃபிக் கோப்பை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். டாட் எச்டிஎம்எல்லுக்கு ஒரு விதி இருக்கிறதா? அது எந்தெந்தக் கோப்புகளை விழுங்குகிறது, எதற்காக விழுங்குகிறது என்று பக்கத்து சீட்டு நண்பருக்கு இரண்டு வாக்கியத்தில் விளக்க முடிந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

முடியவில்லையா? முதலில் அந்த வரியைத் தூக்குங்கள்.